எருக்குழியில் மக்காத ‘மக்கும் பை’

ஆடிப்பட்டத்துக்கு முன் எருக்குழியைப் பிரித்துத் தொழுவுரம் அள்ளும்போது, சாணமும் வைக்கோலும் கறுத்துப் பொடிந்திருக்க, நடுவே ஒரு பை மட்டும் போட்டபடியே கிடக்கும். பையில் ‘மக்கக்கூடியது’ என்று அச்சிட்டிருக்கும். 2019 ஜனவரியில் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த பிறகு இத்தகைய பைகள் கிராமத்துக் கடைகளுக்கும் வந்துவிட்டன. குழியில் மக்கவில்லை என்றவுடன் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் தோன்றும். ஆனால் பை உண்மையானதாகவே இருந்தாலும் நம் குழியில் அது மக்காமல் போகலாம்.

மக்கும் பிளாஸ்டிக்கில் அதிகம் புழங்குவது பி.எல்.ஏ. எனப்படும் பாலிலாக்டிக் அமிலம். மக்காச்சோள மாவு, கரும்புச் சர்க்கரை, மரவள்ளி மாவு இவற்றைப் புளிக்க வைத்து லாக்டிக் அமிலம் எடுக்கிறார்கள். தயிரும் இட்லி மாவும் புளிப்பது இதே அமிலத்தால்தான். அதைச் சங்கிலிபோலக் கோத்தால் பிளாஸ்டிக் ஆகிறது. இந்தச் சங்கிலி வேகமாக அறுபட ஈரத்தோடு சுமார் 58 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் பல வாரம் நீடிக்க வேண்டும். நகராட்சியின் பெரிய உரக்கிடங்கில் அது கிடைக்கும். வீட்டுக் குழியில் சூடு சில நாளில் தணிந்துவிடும். வயல் மண்ணில் அப்படியே புதைத்தால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

அப்படியே மக்கினாலும், பெரும்பகுதி கரியமில வாயுவாகப் போய்விடும். தழைச்சத்தோ மணிச்சத்தோ அதில் கிடையாது. கரும்பையும் சோளத்தையும் விளைவித்து, ஆலையில் அரைத்துச் செய்த பொருளை ஒரே தடவையில் காற்றில் விடுவது நட்டம்தானே? உருக்கி மறுபடி வார்க்கலாம் என்றால், ஒவ்வொரு முறையும் சங்கிலி அறுந்து பொருள் வலுவிழக்கிறது. எனவே ஆராய்ச்சியாளர்கள் வேறு வழியில் போகிறார்கள்: முதலில் கரைப்பது, பிறகு நுண்ணுயிரைக் கொண்டு புதிதாகக் கட்டுவது.

கரைப்பது எளிது. பழைய பி.எல்.ஏ.வைத் துண்டாக்கிச் சூடான நீரில், தேவைப்பட்டால் காஸ்டிக் சோடாவும் சேர்த்து வைத்தால், அது மறுபடி லாக்டிக் அமிலமாகவோ அதன் உப்பாகவோ பிரிந்துவிடும். இதிலிருந்து மீண்டும் பி.எல்.ஏ. செய்ய அமிலம் மிகச் சுத்தமாக இருக்க வேண்டும். சுத்திகரிப்புக்குச் செலவு அதிகம். நுண்ணுயிருக்கு அவ்வளவு சுத்தம் தேவையில்லை. காரத்தன்மையைச் சரிசெய்து கொடுத்தால் அந்தக் கரைசலையே உணவாக எடுத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கரும்புக்குக் கடைசிக் காலத்தில் தழைச்சத்து கொடுத்தால் தோகை பச்சை கட்டும், சர்க்கரை ஏறாது; நிறுத்தினால்தான் சர்க்கரை சேரும். பாக்டீரியாவும் அப்படித்தான். கரிச்சத்து தாராளமாக இருந்து தழைச்சத்து குறைந்தால், அது பெருகுவதை நிறுத்திவிட்டு, உண்டதை உடலுக்குள் சிறுசிறு மணிகளாகச் சேமிக்கிறது. அந்த மணிகள்தான் பி.எச்.ஏ. என்ற பிளாஸ்டிக். குப்ரியாவிடஸ் நெகேட்டர் என்ற பாக்டீரியா, நல்ல சூழலில் தன் உலர் எடையில் 80 சதவீதம் வரைகூட இப்படிச் சேர்க்கும். உடலை உடைத்து மணிகளைப் பிரித்து உலர்த்தினால் புதுப் பிளாஸ்டிக் தயார். பி.எல்.ஏ.வைப் போலன்றி இது சாதாரண மண்ணிலேயே, நுண்ணுயிர் இருந்தால், மக்கிவிடும்.

இந்தச் சேமிப்பை 1926-ல் முதலில் கண்டு சொன்னவர் பிரான்ஸ் நாட்டின் மொரீஸ் லெமுவான். அவர் ஆராய்ந்தது பேசில்லஸ் மெகாடீரியம். நம் ஊரில் பாஸ்போபாக்டீரியா என்று பாக்கெட்டில் விற்பதும் பெரும்பாலும் அதே இனம்தான். அசோஸ்பைரில்லமும் ரைசோபியமும்கூட இதே பொருளைச் சேமிக்கின்றன. விதைநேர்த்தி செய்த ஒவ்வொருவர் கையிலும் பிளாஸ்டிக் செய்யும் உயிர் ஒட்டியிருந்திருக்கிறது!

பழைய பி.எல்.ஏ.விலிருந்து பி.எச்.ஏ. எடுக்கும் இந்த முறை பெரும்பாலும் ஆய்வகத்திலும் சிறு அளவிலும்தான் நடக்கிறது. பி.எச்.ஏ.வின் விலை சாதாரண பாலித்தீனைப் போலப் பல மடங்கு. அதைவிடப் பெரிய இடைஞ்சல், பழைய பைகள் தனியாகச் சேராததுதான். பாலித்தீனோடு கலந்துவிட்டால் இரண்டுமே கெட்டுவிடும்.

பிரிப்பதற்கு ஒரு சின்னச் சோதனை போதும். பையில் ஒரு துண்டு வெட்டி, நனைத்து, காற்றுக்குமிழி இல்லாமல் தேய்த்துத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். மிதந்தால் அது பெரும்பாலும் பாலித்தீன் போன்ற மக்காத பிளாஸ்டிக்தான். மூழ்கினால் மக்கும் வகையாக இருக்கலாம். சுண்ணாம்புத் தூள் கலந்த பாலித்தீனும் மூழ்கும் என்பதால், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று எண்ணும் ஐ.எஸ். 17088 என்ற தரக்குறியும் இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘ஆக்சோ’ என்று போட்டிருந்தால் வாங்கவே வேண்டாம்; அது மக்காது, கண்ணுக்குத் தெரியாத துகளாகி மண்ணில் தங்கும். தர்பூசணிக்கும் மிளகாய்க்கும் விரிக்கும் மூடாக்கு ஷீட்டையும் இதே கண்ணோடு பாருங்கள். சாதாரண ஷீட்டை அறுவடை முடிந்ததும் கிழியாமல் சுருட்டி எடுத்துவிட வேண்டும். ரோட்டவேட்டர் ஓட்டினால் பிறகு பொறுக்க முடியாது.

குழியில் ஏற்கெனவே போட்டவர்கள் எருவை வயலுக்கு ஏற்றும் முன் சலித்து, துண்டுகளை எடுத்துவிடுங்கள். சான்றுள்ள பை என்றால், நறுக்கி, அடுத்து சாணமும் பச்சைத்தழையும் சேர்த்து நான்கைந்து அடி உயரம் போடும் குவியலின் நடுவில் வையுங்கள். ஈரம் குறையாமல் பார்த்து, சூடு தணியும்போதெல்லாம் புரட்டிவிட்டால் ஓரளவு சிதையும். மற்றதைத் தூய்மைக் காவலரிடம் தனியாகக் கொடுங்கள். எரிக்கவோ, மாடு மேயும் இடத்தில் வீசவோ வேண்டாம். மக்கும் பை என்றாலும் மாட்டின் வயிற்றில் அது மக்காது.