கப்பல் கொணர்ந்த கேடு!

எண்ணூர்க் கழியில் சேற்றைத் துழாவி இறால் பிடித்துப் பிழைக்கும் தோழர்களின் கையில் இன்று சிக்குவது எது? இறாலா? இல்லை; காக்கா ஆழி! தென் அமெரிக்கக் கரையோரச் சிப்பி அது. நீந்தியா வந்தது, கடல்கள் கடந்து? கப்பலின் அடியில் ஒட்டியோ, கப்பல் சாயாதிருக்க நிரப்பும் நீரில் கலந்தோ வந்திருக்கும் என்பர் ஆய்வாளர்.

உவர்ப்பு ஏறினும் சாகாது, இறங்கினும் சாகாது. நூல்விட்டு ஒன்றோடொன்று பிணைந்து, அடிச்சேற்றைப் பாய்போல் மூடுகிறது. மேய இடமிழந்து இறால் அகல்கிறது. மஞ்சள் மட்டி மறைகிறது. ஏழையின் அடுப்பு அணைகிறது!

கப்பல் நீரைத் தூய்மையாக்கியே வெளிவிட வேண்டுமென்ற உலக உடன்பாடு 2004இல் பிறந்தது. நடப்புக்கு வந்ததோ 2017இல்! சரக்கின் இலாபம் சீமானுக்கு, சிப்பியின் சுமை உழைப்பாளிக்கா? அள்ளும் செலவைக் கேடு கொணர்ந்தோரே ஏற்கட்டும் என்கிறோம் நாம்!