மலை ஏறினால் விகுதி உதிரும்

கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் ஜீப்புகள் காலையிலேயே மலையேறிவிடும். லோயர் கேம்ப் தாண்டிக் குமுளியில் இறங்கினால் காதில் விழும் வினைச்சொல் மாறிவிடுகிறது. கீழே "நான் செஞ்சேன்", "அவ செஞ்சா", "அவுக செஞ்சாக". மேலே மலையாளத்தில் "ஞான் செய்து", "அவள் செய்து", "அவர் செய்து". 'செய்து' என்றதும் தமிழ்க்காது, செய்து முடித்தார்களா, செய்து வைத்தார்களா என்று அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கும். நமக்கு எச்சமாக ஒலிப்பது அங்கே முற்று.

இது எப்படி நேர்ந்தது? 'செய்தேன்' என்பதைப் பிரித்துப் பாருங்கள்: செய் + த் + ஏன். 'செய்' பகுதி. 'த்' காலம் காட்டும் இடைநிலை. 'ஏன்' ஆளைக் காட்டும் விகுதி. இடைநிலையை மாற்றினால் காலம் மாறும்: செய்கிறேன், செய்வேன். இறந்தகாலத்துக்குத் த், ட், ற், இன். நிகழ்காலத்துக்குக் கிறு, கின்று, ஆநின்று. எதிர்காலத்துக்குப் ப், வ் என்று பவணந்தி முனிவரின் நன்னூல் வகுத்தது.

மலையாளம் காலத்தை வைத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டது: செய்து, செய்யுந்நு, செய்யும். யார் செய்தாலும் இவ்வளவுதான். பழைய மலையாள நூலான இராமசரிதத்தில் இந்த விகுதிகள் இருந்தன, பிறகு உதிர்ந்தன. ஏ.ஆர். ராஜராஜவர்மா 1896-இல் வெளியிட்ட 'கேரளபாணினீயம்' என்னும் இலக்கண நூல் இதற்குப் 'புருஷபேத நிராசம்' என்று பெயரிட்டு, மலையாளம் தனிமொழியானதன் அடையாளங்களில் ஒன்றாகச் சொன்னது. அதனால் நாம் "செஞ்சேன்" என்று ஒரே சொல்லில் முடிப்பதை, மலையாளி 'ஞான்' சேர்த்தே தெளிவாக்க வேண்டியிருக்கிறது.

ஆளைக் காட்டும் உறுப்பு சொல்லின் கடைசியில்தான் வரவேண்டும் என்றும் இல்லை. ஆப்பிரிக்காவில் காங்கோ ஆற்றை ஒட்டிய நாடுகளில் பேசப்படும் லிங்காலா, அதைத் தலையில் வைக்கிறது. 'சல' என்றால் செய். ந-சல-கி: நான் செய்தேன். ஓ-சல-கி: நீ செய்தாய். ப-சல-கி: அவர்கள் செய்தார்கள். முன்னால் ஆள், நடுவில் வினை, பின்னால் காலம். 'ந-சலி' என்றால் இப்போதுதான் செய்து முடித்திருக்கிறேன். எதிர்காலத்தில் 'கோ' நடுவில் புகுகிறது: ந-கோ-சல, நான் செய்வேன்.

தோட்டத்தில் மலையாளம் பேசிவிட்டு, சாயங்காலம் வீட்டு வாசலில் "அவுக வந்தாக" என்று சொல்லும் ஏலத்தோட்டத் தொழிலாளி, தினமும் இரண்டு இலக்கணங்களுக்கு நடுவே போய்வருகிறார். பள்ளியில் படித்துவந்த திறமை அல்ல அது. கேட்டுக் கேட்டுச் சேர்த்த அறிவு. அதை அறிவென்றே மதிக்க வேண்டும்.