ஒரு பெயருள் மறைந்திருந்த மலையெறும்பு

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்குமிடத்து, எறும்பை மூவறிவுயிர்களுள் வைத்தார். உற்றறிதல், சுவைத்தறிதல், மோந்தறிதல் என்பன அம்மூன்று அறிவுகள். எறும்புக்குக் கண்ணும் உண்டு என இன்றைய உயிர்நூல் காட்டும். எனினும் அதன் வாழ்வைப் பெரிதும் நடத்துவது மோப்பமே. மனிதனோ கண்ணை நம்பி வாழ்பவன். கண்ணால் கண்டு ஒன்றெனக் கொண்ட எறும்பு, ஒன்றன்று பல என்று தெளிவதற்கு அவனுக்கு இரண்டரை நூற்றாண்டு வேண்டியிருந்தது. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் புல்வெளிகளில் வாழும் சிற்றெறும்பு ஒன்றன் வரலாறே இதற்குச் சான்று.

எறும்பும் அதன் இடமும்

ஆல்ப்ஸ் மலைகளில் மேலே செல்லச் செல்ல மரங்கள் குறைந்து, ஓர் எல்லைக்கு மேல் அறவே இல்லாமற் போகும். அவ்வெல்லையை அடுத்துப் பரந்து கிடப்பவை மலைப்புல்வெளிகள். ஆண்டிற் பல திங்கள் அங்கே பனி மூடிக் கிடக்கும், வேனில் குறுகியது. பகலில் கதிரவனின் வெம்மையை வாங்கி வைத்துக்கொள்ளும் தட்டைக் கற்களின் அடியிலும், புல்வேர்கள் பின்னிய மண்ணிலும் இவ்வெறும்பு கூடமைத்து வாழ்கின்றது. கல்லே அதற்குக் கூரை. கல்லே அதற்குக் கணப்பு.

வேலைக்கார எறும்பின் நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர், நிறம் கரும்பழுப்பு. தலையில் நெடுக்குவாட்டில் நுண்ணிய வரிகள் ஓடும். உணர்கொம்பு 12 கணுக்களை உடையது. அவற்றுள் கடைசி மூன்றும் பருத்துக் கதைபோல் அமையும். இடை, இரண்டு முடிச்சுகளால் ஆனது. முதுகின் பின்புறத்தில் இரு குறுமுட்கள் உண்டு. இவ்வளவும் பூதக்கண்ணாடியில் காணத்தக்கவை. ஆயின், இவ்வடையாளங்கள் யாவும் இதன் உறவினங்களுக்கும் பொருந்தும் என்பதுதான் சிக்கலின் தொடக்கம்.

பெயரின் வரலாறு

1758ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், புல்தரையில் வாழும் கருநிறச் சிற்றெறும்பு ஒன்றுக்குச் செஸ்பிட்டம் என்னும் சிறப்புப் பெயரை அளித்தார். இலத்தீனில் இதன் வேர்ச்சொல் புற்கரணையைக் குறிக்கும். 1855இல் ஆஸ்திரிய அறிஞர் குஸ்டாவ் மாயர், டெட்ராமோரியம் என்னும் பேரினத்தை நிறுவினார். லின்னேயஸின் எறும்பும் அதனுட் சென்றது. இதற்கிடையே 1850இல் ஃபோர்ஸ்டர் என்னும் ஜெர்மானியர், அதனை ஒத்த வேறோர் எறும்புக்கு இம்பியூரம் என்னும் சிறப்புப் பெயரைச் சூட்டினார். அதன்பின் நெடுங்காலம் வரை, நடு ஐரோப்பாவின் புல்தரையில் இவ்வகை எறும்பைக் கண்டவர் பலர் இவ்விரு பெயர்களுள் ஒன்றை எழுதி அமைந்தனர். மலையுச்சிக்கு அண்மையில் எடுத்த எறும்புக்கும் அவையே பெயர்களாயின.

கண் தவறியது ஏன்?

இங்குத் தவறு சோம்பலால் நேர்ந்ததன்று. ஒரே கூட்டில் பிறந்த வேலைக்கார எறும்புகளுள்ளும் சிறியது உண்டு, பெரியது உண்டு; வெளிறியது உண்டு, கறுத்தது உண்டு. ஓரினத்தின் பெரிய எறும்பும் மற்றோரினத்தின் சிறிய எறும்பும் அளவில் ஒன்றையொன்று தழுவி நிற்கும். ஆகவே ஓரெறும்பை மட்டும் எடுத்து நோக்குவோர்க்கு, எவ்வேறுபாடும் இனவேறுபாடாகத் தோன்றலாம்; எவ்வேறுபாடும் ஒன்றுமில்லாததாகவும் தோன்றலாம்.

ஆண் எறும்பின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம் ஓரளவு தெளிவான அடையாளம் தரும். ஆயின் ஆண்கள் ஆண்டில் சிறு காலமே தோன்றி மறைபவை. கூட்டைத் திறப்போர் பெரும்பாலும் காண்பது வேலைக்கார எறும்புகளையே. இவ்வாறு தோற்றத்தால் பிரித்தறியலாகாது நிற்கும் இனங்களை மறைவினங்கள் என்று சொல்லலாம்.

சான்றுகளைக் கூட்டி நோக்கல்

ஒரு சாட்சியின் சொல்லை மட்டும் கேட்டு நடுவர் தீர்ப்பு வழங்குவதில்லை. பல சாட்சிகளைத் தனித்தனியே உசாவி, அவர்தம் கூற்றுகள் எங்கே ஒத்து நிற்கின்றன என்று காண்பதே முறை. 2006ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், பிர்கிட் ஷ்லிக்-ஷ்டைனர், புளோரியன் ஷ்டைனர் ஆகியோரும் உடனாய்வோரும் இம்முறையையே கையாண்டனர்.

முதற் சாட்சி மரபுப்பொருள்: மைட்டோகாண்டிரியாவில் உள்ள டி.என்.ஏயின் எழுத்து வரிசையைக் கூடுதோறும் படித்து ஒப்பிட்டனர். இரண்டாவது உருவளவை: தலையின் அகலம், உணர்கொம்பின் அடித்தண்டு போன்ற பல அளவுகளை நுண்ணோக்கியில் எடுத்துக் கணக்கியல் வழியாகச் சேர்த்து நோக்கினர். தனி அளவு ஒன்று சொல்ல மாட்டாததை, பல அளவுகள் கூடிச் சொல்லும். மூன்றாவது ஆணின் உறுப்பமைப்பு. நான்காவதுதான் தமிழறிந்தார்க்கு இன்பம் தருவது: எறும்பின் மேனியைப் போர்த்திருக்கும் மெழுகுபோன்ற ஹைட்ரோகார்பன் படலத்தின் சேர்க்கை. உறவினையும் அயலாரையும் எறும்பு பிரித்தறிவது இப்படலத்தின் மணத்தாலன்றோ! கண்ணுக்கு மறைந்த வேறுபாட்டைத் தேடப் புகுந்த மனிதன், எறும்பின் மூன்றாம் அறிவு எதை உணர்கின்றதோ அதையே கருவிகொண்டு அளக்க வேண்டியதாயிற்று.

இதன் முடிவு யாதெனின், ஓரிரு பெயர்களுக்குள் குறைந்தது ஏழு இனங்கள் அடங்கியிருந்தன என்பதாம். உடனே அவற்றுக்கெல்லாம் அவர்கள் பெயர் சூட்டிவிடவில்லை. ஏ, பி, சி என எழுத்துக்களால் குறித்து வைத்தனர். இந்தப் பொறுமை போற்றத்தக்கது.

பெயர் சூட்டுதல்

நான்கு ஆண்டுகள் கழிந்து, 2010இல்தான் மலைப்புல்வெளி எறும்பு தன் பெயரைப் பெற்றது: டெட்ராமோரியம் அல்பெஸ்ட்ரே. ஆல்ப்ஸுக்கு உரியது, உயர்மலைக்கு உரியது என்பது இதன் பொருள். பெயரிட்டோர் ஷ்டைனர், ஷ்லிக்-ஷ்டைனர், பெர்ன்ஹார்ட் சைஃபெர்ட் ஆகிய மூவர்.

ஒரு விலங்கினத்துக்குப் பெயர் சூட்டுதல் விரும்பியவாறு செய்வதன்று; அனைத்துலக விலங்கியற் பெயரிடு நெறிகளுக்கு உட்பட்டது. இனத்தைப் பிறவற்றினின்று வேறுபடுத்தும் பண்புகளை எழுத்தில் வெளியிடல் வேண்டும். ஒரு தனி உயிரியை மூலமாதிரி எனத் தேர்ந்து குறித்தல் வேண்டும். அது எறும்பாயின், ஊசியிற் குத்திய சிறு அட்டைமுனையில் ஒட்டப்பெற்றுக் காட்சிச்சாலையிற் காக்கப்படும். எடுத்த இடம், உயரம், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவை ஒரு சிறு சீட்டில் எழுதி அதே ஊசியிற் கோக்கப்படும். பிற்காலத்தில் ஐயம் எழுமாயின், நூலை மட்டுமன்று, அவ்வெறும்பையே எடுத்து நோக்கித் தெளியலாம்.

2017இல் ஹெர்பர்ட் வாக்னரும் உடனாய்வோரும், ஐரோப்பாவில் இக்கூட்டத்தைச் சேர்ந்த இனங்கள் பத்து என வரையறுத்தனர். அல்பெஸ்ட்ரே அவற்றுள் ஒன்றாக நிலைபெற்றது. அதே ஆய்வால் மற்றொரு செய்தியும் உறுதியாயிற்று. வட அமெரிக்க நகரங்களின் நடைபாதைக் கற்களுக்கிடையே குடியேறி வாழும் எறும்பைப் பாடநூல்கள் நெடுங்காலம் செஸ்பிட்டம் என்றே எழுதிவந்தன. உண்மையில் அது வேறினம். 1927இல் சான்ட்ஷி என்பவர் இம்மிகிரான்ஸ் எனப் பெயரிட்டது. குடிபெயர்ந்து வருவது என்பது இதன் பொருள். சரியான பெயர் முன்பே இருந்தும், தவறான பெயரே வழங்கி வந்தது.

பெயரால் விளையும் பயன்

‘எறும்பின் பெயர் எதுவாயினும் என்ன?’ என்று வினவுவோர் உளர். இழப்பு எத்தகையது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். முன்னை ஆய்வாளர் ஒருவர், செஸ்பிட்டம் இத்துணைக் குளிரைத் தாங்கும், இன்ன உயரத்தில் வாழும், இத்தனை அரசிகளை வைத்துக்கொள்ளும் என்று எழுதி வைத்தார் எனக் கொள்வோம். அவர் நோக்கிய எறும்பு பத்தினுள் எது? மாதிரியும் சீட்டும் காக்கப்பட்டிருப்பின் இன்றும் அறியலாம். அவை இல்லையேல் அவருடைய உழைப்பு, உரிமையாளர் யாரென்று தெரியாத பத்திரம்போல் ஆகிவிடும்.

பெயர் பெற்றபின் அல்பெஸ்ட்ரே பற்றிய அறிவு வளர்ந்தது. ஒருசில இடங்களில் அண்டைக் கூடுகளின் எறும்புகள் ஒன்றோடொன்று போரிடாமல் கலந்து வாழ்வதும், வேறிடங்களில் கடும்பகை கொள்வதும் கண்டறியப்பட்டன. 2020இல் இதன் முழு மரபுத்தொகுதி வெளியிடப்பட்டது. தாழ்நிலத்தில் வாழும் இம்மிகிரான்ஸோடு ஒப்பிட்டு, குளிர்நிலத்தில் இவ்வெறும்பு வாழ்வது எங்ஙனம் என்று ஆராயப்பட்டது. இவற்றை ஒரே பெயரில் கலந்து வைத்திருந்தால் இவ்வொப்பீட்டுக்கே இடமில்லை.

ஆல்ப்ஸ் மலை இன்று வெம்மையுற்று வருகின்றது. தாழ்நிலத்து உயிர்கள் மேலே ஏறலாம். ஏற்கெனவே மேலே வாழும் உயிர் எங்கே ஏறும்? மலைக்கு முடிவுண்டு. எங்கும் காணப்படும் பொதுவெறும்பு என்று எழுதி வைத்த பெயருக்குள் அது மறைந்து கிடந்தால், அது குறைந்து போவதைக்கூட எவரும் அறியார். தனிப்பெயர் அதனைக் காப்பாற்றிவிடாது. ஆயினும் கணக்கெடுக்க இடந்தரும்.

வகுப்பில் உயிர்களை வகைப்படுத்தக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்வரலாறு ஒரு வரிசைமுறையைக் கற்பிக்கின்றது. முதலில் நோக்குக; ஒன்றை அன்று, பலவற்றை நோக்குக. பின்னர் அளந்து எழுதுக. இடத்தையும் நாளையும் மறவாது குறித்து வைக்க. பெயரைக் கடைசியிற் சேர்க்க. மாணவன் எழுதிய பெயர் தவறாயின் பிற்காலத்தார் திருத்திக்கொள்வர். இடமும் நாளும் எழுதப்படாத சீட்டைத் திருத்த எவராலும் இயலாது.