கொழும்பின் குப்பை யாருடைய சுமை?

2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது கொழும்பு மாநகரத்தின் குப்பை. அதன் அடிவாரத்தில் வாழ்ந்தோரோ பெரும்பாலும் வருமானம் குறைந்த குடும்பங்கள். பல வருடங்களாக அவர்கள் தெரிவித்த எதிர்ப்பு செவிமடுக்கப்படவில்லை.

அதன்பின் முன்னெடுக்கப்பட்ட தீர்வு, குப்பையைச் சுமார் 170 கிலோமீற்றர் தொலைவிலுள்ள புத்தளம் அருவக்காட்டுக்கு அனுப்புவதாகும். ஏற்கனவே சீமெந்துத் தொழிற்சாலையையும், 900 மெகாவோட் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தையும் சுமக்கும் மாவட்டம் அது. 2018இல் புத்தளம் மக்கள் வீதிக்கு இறங்கியது இதனால்தான்.

ஓரிடம் நன்மையை அனுபவிக்க, இன்னோரிடம் பாதிப்பைச் சுமக்கும்போது, அந்த முடிவை எடுத்தவர் யார், யாரிடம் கேட்டு எடுத்தார் என்பதே சூழல் நீதி எழுப்பும் கேள்வி. குரல் எடுபடாத இடத்தையே குப்பை தேடிச் செல்கிறது.

நமது குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. வீட்டிலேயே தரம்பிரித்து, அந்தந்த உள்ளூராட்சி எல்லைக்குள் பசளையாக்கினால் வெளியே அனுப்ப வேண்டியது வெகுவாகக் குறையும். எஞ்சியதற்கு இடம் தெரிவு செய்யும்போது, அவ்விடத்து மக்களின் சம்மதம் முதலில் பெறப்பட வேண்டும். இடம் மாறுவதால் மட்டும் அநீதி தீராது.