குளிர்ந்த எஞ்சின் குடிக்கும் பெற்றோல்

கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் எமது உறவினர்களோடு டிசம்பர், ஜனவரி மாதங்களில் பேசினால் ஒரு முறைப்பாடு தவறாமல் வரும். அதே கார், அதே பாதை, ஆனால் கோடையில் போதுமாக இருந்த பெற்றோல் இப்போது போதவில்லை என்பார்கள். இது வெறும் பிரமை அல்ல. அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்குப்படி, 25 பாகை செல்சியஸில் ஓடுவதைவிட பூச்சியத்துக்குக் கீழ் 7 பாகையில் நகரத்துக்குள் ஓடும் பெற்றோல் கார் ஒரு லீற்றருக்குச் சுமார் 15 சதவீதம் குறைவான தூரமே ஓடுகிறது. ஐந்தாறு கிலோ மீற்றர் குறும் பயணங்களில் இழப்பு 24 சதவீதம் வரை போகும். ஹைப்ரிட் வாகனங்களுக்கு 30 சதவீதத்தையும் தாண்டும்.

"குளிர் நாட்டுக் கதை நமக்கெதற்கு?" என்று கேட்பீர்கள். காரணத்தைப் பார்த்தால் அது எமது கல்லாப்பெட்டிக்கே வந்து சேரும்.

எஞ்சின் ஒழுங்காக வேலை செய்ய அதன் தண்ணீர் 80, 90 பாகைக்குச் சூடேற வேண்டும். அதற்கு முன் உள்ளே தெளிக்கப்படும் பெற்றோல் முழுமையாக ஆவியாவதில்லை. ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. எரிவது ஆவிதான், ஈரமல்ல. ஆகவே எஞ்சின் நின்றுவிடாதிருக்க வாகனத்தின் கம்பியூட்டர் வழமையைவிடக் கூடுதலாகப் பெற்றோலை அனுப்புகிறது. பழைய வாகனங்களில் இதே வேலையைச் 'சோக்' இழுத்து நாமே செய்தோம். ஒயிலும் குளிரில் தடித்துவிடுவதால் பிஸ்டன் முதல் கியர் பெட்டி வரை எல்லாமே சிரமப்பட்டுத்தான் சுழலும்.

இதற்கு மேல் சில்லறைக் காரணங்களும் உண்டு. ஐந்தாறு பாகை குளிர்ந்தால் டயரில் ஒரு பி.எஸ்.ஐ. குறையும். பூச்சியம் பாகைக் காற்று 30 பாகைக் காற்றைவிட 11 சதவீதம் அடர்த்தியானது. அதைத் தள்ளிக்கொண்டு போகவும் பெற்றோல் வேண்டும். காலையில் நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குவோரும் அங்கு உண்டு. ஓரடி நகராமல் எரியும் பெற்றோல் அது. அரை நிமிடத்தில் புறப்பட்டு மெதுவாக ஓட்டினால் எஞ்சின் அதைவிட விரைவாகச் சூடேறும்.

எமது நாட்டில் குளிர் என்றால் நுவரெலியாதான். மரக்கறி ஏற்றப் போகும் லொறிக்காரர் கூடுதல் டீசலுக்குக் குளிரைக் குறை சொன்னால் நான் முழுதாக ஏற்கமாட்டேன். 1,868 மீற்றர் உயரத்துக்கு ஏறுவதுதான் அங்கு பெரிய செலவு. இரவு முழுக்க நின்ற லொறி விடியற்காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கக்கும் வெள்ளைப் புகை மட்டும் குளிரின் கணக்கில் சேரும். அது எரியாமல் வெளியேறும் டீசல்.

ஆனால் 80 பாகை தேவைப்படும் எஞ்சினுக்குக் கொழும்பின் 28 பாகையும் குளிர்தான். ஸுபஹுத் தொழுகைக்கு அரைக் கிலோ மீற்றர் தூரம் காரில் போய்வந்தால் (நடந்தால் நன்மை கூட என்பது வேறு விடயம்) எஞ்சின் சூடேறும் முன்பே நிறுத்தப்படுகிறது. கடை வேனும் அப்படியே. காலையில் மருதானைக்கு ஒரு பெட்டி, பகலில் மாளிகாவத்தைக்கு ஒரு பெட்டி, அஸருக்குப் பின் தெமட்டகொடைக்கு ஒரு பெட்டி என்று அனுப்பினால் மூன்று முறையும் ஆறிய எஞ்சினோடுதான் தொடங்குகிறோம். ஒரே சுற்றில் மூன்றையும் இறக்கினால் அந்தத் தொடக்கச் செலவு ஒரு முறைதான். 2022 இல் கியூ.ஆர். முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று வரிசையில் நின்றபோதுகூட இந்தக் கணக்கைப் பார்த்தவர்கள் குறைவு.

இதைவிடப் பெரிய நட்டம் சில கராஜ்களில் நடக்கிறது. எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுப்பது தெர்மோஸ்டட் வால்வ். வாகனம் கொதித்தால், "இது குளிர் நாட்டுக்குரியது, நமக்குத் தேவையில்லை" என்று சொல்லி அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அடைத்த ரேடியேட்டரோ பழுதான விசிறியோ அப்படியே இருக்கும். வால்வ் இல்லாத எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வர நெடுநேரம் எடுக்கும். மழை நாளில் வராமலே போகலாம். கம்பியூட்டரோ எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறதென்று கூடுதல் பெற்றோலை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதாவது, கனடாவின் குளிர்காலத்தைக் காசு கொடுத்து எமது போனட்டுக்குள் வாங்கி வைத்துக்கொள்கிறோம்.

உங்கள் வாகனத்தில் வால்வ் இருக்கிறதா என்று ஊகிக்க மெக்கானிக் தேவையில்லை. இரவு முழுக்க நின்ற வாகனத்தை எடுத்து ஏழெட்டுக் கிலோ மீற்றர் ஓடுங்கள். அதன் பிறகும் வெப்ப ஊசி அடியிலேயே கிடந்தால், அல்லது கண்டியிலிருந்து வரும்போது கடுகண்ணாவ இறக்கத்தில் ஊசி விழுந்தால், சந்தேகம் சரிதான். ஊசி இல்லாத ஜப்பான் கார்கள் பலவற்றில் நீல நிற விளக்கு உண்டு. அது அணைய நெடுநேரம் எடுத்தாலும் அதே பொருள்தான். புதிய வால்வ் வாங்கும்போது வாகனத்தின் மொடலைச் சொல்லி, பழையதில் பொறித்திருந்த அதே பாகையில் திறப்பதையே கேட்டு வாங்குங்கள். கூடவே ரேடியேட்டரையும் அதன் மூடியையும் பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் திரும்பவும் கொதிக்கும், திரும்பவும் கழற்றுவார்கள்.