நீல ஒளியில் பிறக்கும் எரிபொருள்

1900ஆம் ஆண்டு பாரிசு நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் சிறியதொரு டீசல் எந்திரம் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. பெட்ரோலியத்திற்கென அமைக்கப்பட்ட எந்திரம் அது. எரிபொருள் மாறியதைப் பார்வையாளர்களுள் சிலரே அறிந்தனர் என்று ருடால்ஃப் டீசல் பின்னாளில் எழுதினார். விதை எண்ணெய் எந்திரத்தை இயக்க வல்லதெனில், மண்ணுக்கடியில் எண்ணெய் தேடி நாம் அலைவது எதற்காக? இதற்கான விடையின் ஒரு பகுதி எண்ணெயின் மூலக்கூறு அமைப்பில் உள்ளது.

கிளிசராலுடன் மூன்று கொழுப்பமிலங்கள் பிணைந்து உருவானதே எண்ணெய். கொழுப்பமிலம் என்பது நீண்ட கார்பன் சங்கிலி. அதன் ஒரு முனையில் ஆக்சிஜன் அணுக்களைக் கொண்ட கார்பாக்சில் தொகுதி தலைபோல் அமைந்திருக்கும். பிசுபிசுப்பு மிகுந்த எண்ணெயை அப்படியே எரித்தால் நாளடைவில் எந்திரத்தில் கரி படியும். எனவே அதனை மெத்தனாலுடன் வினைபுரியச் செய்து பயோடீசல் ஆக்குகின்றனர். ஆயினும் ஆக்சிஜன் அதனுள் தங்கிவிடுகிறது. அதனால் ஒரு கிலோ பயோடீசல் தரும் ஆற்றல், டீசலைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. தலையை நீக்கிவிட்டால் எஞ்சும் வால் ஹைட்ரோகார்பன் ஆகும். டீசலில் உள்ளதும் அவ்வகைச் சேர்மமே. ஆலைகளில் இதனைச் செய்ய 300 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பமும் உயர் அழுத்தமும் ஹைட்ரஜனும் தேவைப்படுகின்றன. அந்த ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தே பெறப்படுகிறது. புதைபடிவ எரிபொருளை விலக்கும் முயற்சிக்கே புதைபடிவ எரிபொருள் வேண்டியிருப்பது முரண் அன்றோ!

உயிரினங்கள் இத்தகைய பணிகளை நொதிகளின் துணையால் சாதாரண வெப்பநிலையிலேயே செய்து முடிக்கின்றன. கொழுப்பமிலத்தின் தலையைக் கொய்யும் பாக்டீரிய நொதி ஒன்று 2011இல் வெளிப்பட்டது. அதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு தேவை. அப்பொருளோ நொதியையே சிதைக்கக்கூடியது. 2017இல் பிரான்சின் தென்பகுதியிலுள்ள கடராஷ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த அறிவியலாளர்கள், குளோரெல்லா என்னும் நுண்பாசியில் வேறொரு நொதியைக் கண்டறிந்தனர். ஒளி உள்ளபோது மட்டுமே பாசி ஹைட்ரோகார்பனை உண்டாக்கியது. அத்தடயமே அவர்களை அந்நொதியிடம் இட்டுச் சென்றது.

இந்நொதி செயற்படும் முறை நின்று நோக்கத்தக்கது. நொதியின் உள்ளே குறுகிய பள்ளம் ஒன்று உண்டு. கொழுப்பமிலம் அதனுள் நீள்வாக்கில் பொருந்தும். அதன் தலையருகே ஃபிளேவின் எனும் மஞ்சள் நிறத் துணைக்கூறு அமைந்துள்ளது. நீல ஒளி பட்டதும் ஃபிளேவின் கிளர்ச்சியுற்று, கொழுப்பமிலத்தின் தலையிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்கிறது. நிலைகுலைந்த தலை கார்பன் டை ஆக்சைடாகப் பிரிந்து வெளியேறுகிறது. பின்னர் பறித்த எலக்ட்ரான் திருப்பித் தரப்படுகிறது. ஒரு புரோட்டானும் சேர, வால் ஹைட்ரோகார்பனாக நிறைவுறுகிறது. வாங்கியதைத் திருப்பித் தந்துவிடுவதால், வெளியிலிருந்து ஹைட்ரஜனோ வேறு வினைப்பொருளோ வேண்டியதில்லை. ஒளி ஒன்றே போதும். ஒளிச்சேர்க்கை மையங்கள் நீங்கலாக, ஒளியால் இயங்கும் இயற்கை நொதிகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவே.

எனினும் இடர்கள் இல்லாமல் இல்லை. நொதியை இயக்கும் நீல ஒளியே அதனைச் செயலிழக்கவும் செய்கிறது. பள்ளம் வெறுமையாக இருக்கையில் சேதம் மிகுதி. கலங்கிய கரைசலுக்குள் ஒளி ஆழமாக ஊடுருவாது என்பதால் பெரிய கலன்களில் இவ்வினையை நடத்துவதும் எளிதன்று. மேலும், 18 கார்பன் கொண்ட ஸ்டியரிக் அமிலத்திலிருந்து கிடைக்கும் ஹெப்டாடெக்கேன் 22 டிகிரியிலேயே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவதைக் கண்டவர்க்கு இது வியப்பளிக்காது. ஆகவே அதனைக் கிளைச் சங்கிலியாக மாற்றவோ, பிற எரிபொருளுடன் கலக்கவோ வேண்டும்.

இவற்றினும் பெரிது எண்ணெய் எங்கிருந்து வரும் என்னும் வினா. 284 கிராம் ஸ்டியரிக் அமிலம் முழுதும் மாறினாலும் கிடைப்பது 240 கிராம் எரிபொருள். எஞ்சிய 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகச் சென்றுவிடும். ஒரு டன் எரிபொருளுக்கு ஏறத்தாழ 1.18 டன் கொழுப்பமிலம் வேண்டும். அதனைச் சமையலறையிலிருந்து பறித்து ஊர்திக்கு ஊற்றுவது முறையாகாது.

பொரித்துக் கழித்த எண்ணெய் இங்குதான் கவனம் பெறுகிறது. சிதைவால் உண்டாகும் முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைக் கடந்த எண்ணெயை உணவிற்குப் பயன்படுத்தலாகாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அத்தகைய எண்ணெயில் தனித்த கொழுப்பமிலங்கள் ஏற்கெனவே பிரிந்து கிடக்கும். பயோடீசல் தயாரிப்போருக்கு அவை தொல்லை. காரத்துடன் சேர்ந்து சோப்பாகிவிடும். பாசியின் நொதிக்கோ வேண்டுவதே தனித்த கொழுப்பமிலம்தான்! எஞ்சிய எண்ணெயை லைப்பேஸ் என்னும் மற்றொரு நொதி பிரித்துக் கொடுக்க, இவ்விரு நொதிகளும் இணைந்து இயங்குவதை 2018இலேயே நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகர ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் நிகழ்த்திக் காட்டியுள்ளனர்.