பெடலில் பூட்டும் ஷூ: சரக்குப் போடுமுன் சோலைப் பாருங்கள்

"பார்த்தால் சாதாரண ஷூ மாதிரி இருக்கணும், ஆபீசுக்குள்ளே அப்படியே நடந்து போகணும், ஆனா சைக்கிள் பெடலில் பூட்டிக்கணும்" என்று கேட்டு வருகிற வாடிக்கையாளர்கள் உண்டு. இந்தச் சரக்கின் விவரம் தெரியாமல் விற்றால் பெட்டி திரும்பி வரும். அதைவிட மோசம், ஓட்டுபவர் கீழே விழுந்து கைகாலை முறித்துக்கொள்ளவும் இடமுண்டு. ஆகவே காலணிக் கடைக்காரர்களும் சைக்கிள் உதிரிபாகக் கடைக்காரர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முன்பு பந்தய வீரர்கள் பெடலின் மேல் ஒரு கூடும் வாரும் மாட்டி, அதனுள் காலை நுழைத்து இறுக்கிக்கொள்வார்கள். அந்தக் கூட்டுக்கு டோ கிளிப் என்று பெயர். பனிச்சறுக்குக் கட்டையில் ஷூவைப் பூட்டும் சாதனம் செய்துவந்த லுக் என்ற பிரெஞ்சுக் கம்பெனி, 1984இல் அந்த முறையைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. 1985இல் பெர்னார் இனோ அந்தப் பெடலை மிதித்து டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். பழைய கிளிப் இல்லாததால் இதற்கு 'கிளிப்லெஸ்' என்று பெயர் வந்தது. பெயரைக் கேட்டுப் பூட்டாத பெடல் என்று எண்ணிவிடக் கூடாது. ஷூவின் அடியில் திருகிய 'கிளீட்' என்ற சிறு துண்டு பெடலில் மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விடுபடும்.

ஷூக்களில் இரண்டு வகை பெரும்பாலும் வரும். பந்தய ஷூவின் அடியில் மூன்று துளை இருக்கும். அதன் கிளீட் பெரியது, சோலுக்கு வெளியே துருத்தி நிற்கும், நடந்தால் வழுக்கும். மற்றது இரண்டு துளை வகை. ஜப்பானின் ஷிமானோ கம்பெனி 1990இல் எஸ்.பி.டி. என்ற பெயரில் கொண்டுவந்த முறை இது. இதன் கிளீட் சிறிய உலோகத் துண்டு, ரப்பர் சோலின் பள்ளத்துக்குள் அடங்கிவிடும். சாதாரணத் தோற்றத்தில் ஷூ கேட்பவருக்கு இரண்டு துளை வகையே தர வேண்டும்.

கொள்முதல் செய்யும்போது நாம் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, கிளீட்டைப் பொருத்தி ஷூவைச் சமதளமான மேஜைமேல் வைத்து அழுத்திப் பாருங்கள். உலோகம் மேஜையில் இடித்தால், ஆபீஸ் தரையிலும் இடிக்கும். இரண்டாவது, கையால் வளைத்துப் பாருங்கள். விரல் பக்கம் கொஞ்சம் வளையலாம், கிளீட் இருக்கும் இடம் வளையக் கூடாது. மூன்றாவது, லேஸ் நுனியைச் செருகிக்கொள்ள வழி இருக்கிறதா என்று கவனியுங்கள். தொங்கும் லேஸ் செயினில் சிக்கும்.

இனி, சாதாரண கான்வாஸ் ஷூவையே மாற்றித் தரும்படி கேட்பவர்கள் விஷயம். சோலைக் குடைந்து, உள்ளே இரும்புத் தகடு வைத்து, மரை போட்டுத் தரலாம். ஆனால் சோல் தடிப்பாகவும் கெட்டியாகவும் இருந்தால்தான் அது நிற்கும். பஞ்சு போன்ற மெத்தென்ற சோலில் வைத்தால் தகடு ஆடும், கொஞ்ச நாளில் பிய்த்துக்கொள்ளும். கிளீட்டை இரண்டு போல்ட் பிடித்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு போல்ட் கழன்றாலோ தகடு ஆடினாலோ, குதிகாலைத் திருப்பும்போது ஷூ மட்டும் திரும்பும், கிளீட் பெடலிலேயே நிற்கும். கால் விடுபடாது. சிக்னலில் வண்டி நிற்கும், ஆள் சாய்ந்து விழுவார். ஆகவே மெல்லிய சோல் ஷூவைக் கொண்டுவந்தால், கூலி எவ்வளவு தந்தாலும் அந்த வேலையை ஏற்க வேண்டாம். சோலுக்குள் தகடு வைத்துத் தைப்பது ஆம்பூர், ராணிப்பேட்டைத் தொழிலாளிகளுக்குப் புதிய வேலை அல்ல. தொடக்கத்திலேயே அப்படித் தைத்த ஷூதான் நம்பி விற்கத் தக்கது.

விற்பனையில் இன்னொரு குழப்பமும் வரும். கிளீட் பொதுவாகப் பெடலோடு வரும், ஷூவோடு வராது. துளை பொருந்தினால் மட்டும் போதாது, கிளீட் அந்தப் பெடலுக்குரியதாகவும் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் வைத்திருக்கும் பெடல் எது என்று கேட்காமல் பில் போடாதீர்கள். ஷிமானோவில் கறுப்பு நிற கிளீட் குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் விடும். வெள்ளி நிறமானது வேறு சில திசைகளிலும் விடும். புதிதாகப் பழகுபவருக்கு வெள்ளி நிறம் ஏற்றது. பெடலின் பிடியைச் சிறு திருகால் தளர்த்தி வைக்கவும் முடியும். ஒரு பக்கம் பூட்டும், மறுபக்கம் சாதாரணமாக மிதிக்கும் பெடலும் கிடைக்கிறது.

அளவிலும் கவனம் வேண்டும். இந்த ஷூக்களில் 42, 43 என்று ஐரோப்பிய எண்ணே பெரும்பாலும் இருக்கும். நம் வாடிக்கையாளரோ 8, 9 என்று கேட்பார். பாதத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, பெட்டியில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிட்டுக் கொடுங்கள்.

இது தினம் பத்து ஜோடி போகும் சரக்கு அல்ல. எல்லா அளவிலும் வாங்கி அடுக்கினால் முதல் முடங்கிவிடும். நடு அளவுகளில் சில ஜோடியும், இரண்டு வகை கிளீட்டும், ஒரு ஆலன் கீயும் வைத்திருந்தால் தொடங்குவதற்குப் போதும். கிளீட்டை நம் கையாலேயே இறுக்கிக் கொடுத்து, நின்ற வண்டியில் பத்து முறை மாட்டிக் கழற்றிப் பழகச் சொல்லி அனுப்புங்கள். சில நாள் ஓட்டியபின் போல்ட்டை மறுபடி இறுக்க வரச் சொல்லுங்கள். அப்படித் திரும்பி வருகிறவர் அடுத்த ஜோடியையும் நம்மிடமே வாங்குவார்.